மெய்நிகர் பங்குப் போட்டி: 5 சென் பங்கு வாங்கியவர்கள் எப்படி முதலிடத்தில்? இதில் கற்றதை உண்மைக் கணக்குக்குக் கொண்டுபோகலாமா?

செந்தூல்_வாசி (கேள்வி)

வணக்கம். இணையத்தில் நடக்கும் ஒரு மெய்நிகர் பங்குப் போட்டியைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். விதிகள் இவை: 8 வாரம், ஆளுக்கு 100,000 வெள்ளி (ரிங்கிட்) பொய்ப் பணம். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் மெயின் மார்க்கெட் (நிலைபெற்ற நிறுவனங்கள்), ஏஸ் மார்க்கெட் (வளரும் நிறுவனங்கள்) இரண்டிலும் வாங்கலாம். வாரண்டுக்கு (பிற்பாடு குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைச் சீட்டு) அனுமதி இல்லை. ஒரு கவுண்டரில் (ஒரு நிறுவனப் பங்கில்) அதிகபட்சம் 25%. தரகு, முத்திரை வரி எதுவும் கழிப்பதில்லை. விலை 15 நிமிடம் தாமதமாக வருகிறது; ஆர்டர் போட்டால் திரையில் தெரியும் லாஸ்ட் டன் (கடைசியாக வர்த்தகமான) விலைக்கே உடனே வாங்கிவிடுகிறது. சுமார் 300 பேர் கலந்துகொள்கிறார்கள், முதல் 3 பேருக்குப் பரிசு.

5 வாரம் முடிந்துவிட்டது. பெரிய வங்கி, மின்சாரம், தோட்டத் துறை என்று 6 கவுண்டர் வைத்து +4.1%, இடம் 41. முதல் பத்து பேரில் எட்டு பேர் 5 சென், 8 சென், 12 சென் கோரெங் பங்குகளை (ஊகத்தில் விலை ஏற்றிவிடப்படும் மலிவுப் பங்குகள்) வைத்திருக்கிறார்கள், +35%, +50% என்று நிற்கிறது.

மூன்று கேள்வி. அது திறமையா, குருட்டு யோகமா? இந்த 41-ஆவது இடத்தை வைத்து என் திறனை எடைபோட முடியுமா? போட்டி முடிந்ததும் 10,000 வெள்ளியோடு உண்மைக் கணக்கு தொடங்கினால் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பாயான்_லெப்பாஸ்_கணக்கு

முதல் கேள்விக்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது தம்பி.

பெரிய கவுண்டர்களாக ஆறேழு வைத்திருக்கும் தொகுப்பு ஆண்டுக்குச் சுமார் 12% ஏற்ற இறக்கம் உள்ளது என்று வையுங்கள் (திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவைச் சொல்கிறேன்). ஓடிய 5 வாரத்துக்கு அதை 52-இல் 5-இன் (5/52) வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3.7% வரும். ஆக, +4.1% என்பது ஒரு திட்ட விலக்கத்தை ஒட்டிய சாதாரண நகர்வு. பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. நான்கே கோரெங் கவுண்டரில் 25% வீதம் போட்டவரின் தொகுப்புக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் 60% என்று எடுத்தால், 5 வாரத்துக்கு 18.6%.

இப்போது 300 பேரில் 40 பேர் அப்படி ஆடுகிறார்கள் என்று வைப்போம். யாருக்கும் திறமையே இல்லை, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினார்கள். அப்போதும் 40 பேரில் முதலாவது ஆள் சராசரியாக 2.16 திட்ட விலக்கம் மேலே நிற்பார். 18.6-ஐ 2.16-ஆல் பெருக்குங்கள், 40% வரும். உங்கள் பட்டியலில் தெரியும் எண்களும் அதையொட்டியவையே. பட்டியலின் அடியையும் போய்ப் பாருங்கள், −30%, −40% என்று அதே வகைக் கவுண்டர்களை வைத்திருப்பவர்கள் கிடப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

பரிசு முதல் மூவருக்கு மட்டும் என்றால், 4-ஆவது இடமும் 300-ஆவது இடமும் ஒரே மதிப்பு. நட்டத்துக்குத் தண்டனை கிடையாது, ஏற்ற இறக்கம் இலவசம். எனவே கோரெங் பங்கு எடுத்தவர்கள் போட்டி விதியைச் சரியாகப் படித்தவர்கள்தான். அந்த மட்டில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கும் பரிசுதான் குறி என்றால் மீதி 3 வாரத்தில் ஆறு கவுண்டரை நான்காகச் சுருக்கி, முன்னால் இருப்பவர்கள் வைத்திருக்காததை எடுக்க வேண்டும். அவர்கள் வைத்திருப்பதையே வாங்கினால் அவர்களோடு சேர்ந்து ஏறுவீர்கள், இடைவெளி அப்படியே இருக்கும். முதலிடத்தில் இருப்பவருக்கு இது தலைகீழ்: பின்னால் வருபவர் வைத்திருப்பதை அவரும் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் போதும், எட்டிப் பிடிப்பது கடினம்.

இரண்டாவது கேள்வி. முடியாது. ஆண்டுக்குச் சந்தையை 4% மிஞ்சும் உண்மையான திறமை ஒருவருக்கு இருக்கிறது, சந்தையிலிருந்து விலகும் அளவு 12% என்று கொள்ளுங்கள். அது தற்செயல் அல்ல என்று புள்ளியியல் வழக்கப்படி (டி மதிப்பு, அதாவது விளைவு இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்பது, 2) நம்ப எத்தனை ஆண்டு வேண்டும்? 2-ஐ 12-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 6. அதன் வர்க்கம் 36. முப்பத்தாறு ஆண்டு! 8 வாரத்தில் அந்தத் திறமை தரும் பங்கு 0.6%, அதன் மேல் விழும் இரைச்சல் 4.7%.

இடத்தைப் பார்க்காமல் முடிவுகளை எண்ணினால் கொஞ்சம் சீக்கிரம் தெரியும், ஆனால் அதிலும் ஏமாறலாம். 30 தடவை வாங்கி 18 தடவை சரியாகப் போனால் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். காசைச் சுண்டிவிட்டாலும் 30-இல் 18 அல்லது அதற்கு மேல் விழ 18% வாய்ப்பு இருக்கிறது.

பழைய_ரெமிசியர்

கணக்கு அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்த +50%-இல் யோகம்கூட முழுசாக இல்லை. பாதி போட்டித் தளத்தின் ஓட்டை. விலை எப்படி நகரும் என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

புர்சாவில் 1 வெள்ளிக்குக் கீழே உள்ள பங்கு அரை சென் அரை சென்னாக நகரும். 1 வெள்ளி முதல் 9.99 வரை 1 சென், 10 வெள்ளிக்கு மேல் 2 சென், 100 வெள்ளிக்கு மேல் 10 சென். 95 சென் பங்குக்கு ஒரு பிட் (விலை நகரும் குறைந்தபட்ச அளவு) என்றால் அரை விழுக்காடு சொச்சம். 5 சென் பங்குக்கு ஒரு பிட்டே 10%.

5 சென் கவுண்டரில் பொழுதுக்கும் நடப்பது என்ன? வாங்குபவர் வரிசை 5 சென்னில், விற்பவர் வரிசை 5.5 சென்னில். லாஸ்ட் டன் 5, 5.5, 5, 5.5 என்று ஆடிக்கொண்டே இருக்கும். போட்டியில் லாஸ்ட் டன் 5 என்று காட்டும்போது வாங்குகிறார், 5.5 காட்டும்போது விற்கிறார். பங்கு எங்கும் போகவில்லை, இவருக்கு 10% லாபம். 25,000 வெள்ளிக்கு 5 சென்னில் 500,000 பங்கு, அதாவது 5,000 லோட் (ஒரு லோட் 100 பங்கு). உண்மையில் 5 சென்னில் அவ்வளவு வேண்டுமென்றால் வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டும். விலையில் சமமாக இருந்தால் முன்னால் வந்தவருக்கே முதல் உரிமை. உங்களுக்கு முன்னால் இருபது, முப்பது லட்சம் பங்குக்கு ஆள் நிற்பான். அவசரமாக வாங்கினால் 5.5, அவசரமாக விற்றால் 5, கையைக் கடிக்கும் 9%. போட்டியில் லாபமாகத் தெரிந்த அதே அரை சென் இங்கே செலவு. வரிசை கலைந்து உங்கள் ஆர்டர் முழுசாக நிறைகிறது என்றால் பெரும்பாலும் விலை 4.5-க்கு இறங்குகிறது என்று அர்த்தம்.

அடுத்தது அந்த 15 நிமிடத் தாமதம். போட்டித் தளம் பழைய விலைக்கே வாங்க விடுகிறது என்கிறீர்கள். யாராவது ஒருவர் தரகு நிறுவனச் செயலியில் நேரடி விலையைப் பார்த்துக்கொண்டே போட்டியில் ஆர்டர் போட்டால், 15 நிமிடத்துக்குப் பிந்திய விலையைத் தெரிந்துகொண்டு ஆடுகிறார். ஏமாளிக்கும் லாபம் வரும். நடத்துபவர்களிடம் கேளுங்கள்: ஆர்டர் போட்ட நேரத்துக்கு அடுத்து வரும் விலையில் நிறைக்கிறார்களா, காட்டும் விலையிலா? பின்னது என்றால் அந்தப் பட்டியலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம், நாள் வரம்பு. 1 வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள பங்கு முந்தைய விலையிலிருந்து 30% வரை ஏறலாம், இறங்கலாம். 1 வெள்ளிக்குக் கீழே வரம்பு விழுக்காட்டில் இல்லை, 30 சென். 5 சென் பங்கு அந்தக் கணக்கில் ஒரே நாளில் 35 சென் வரை போகலாம், இறங்கினால் தரைதான். பெரிய கவுண்டருக்குப் பழகியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கட்டணம். 10,000 வெள்ளிக்கு வாங்கினால் தரகு 0.1% என்று வைத்து 10 வெள்ளி, கிளியரிங் (வர்த்தகத்தைத் தீர்த்து வைக்கும் கட்டணம்) 0.03%, 3 வெள்ளி, முத்திரை வரி 1,000 வெள்ளிக்கு 1 வெள்ளி வீதம் 10 வெள்ளி. ஆக 23. விற்கும்போதும் அதே. போக வர 46, அதாவது 0.46%. பத்தாயிரத்தை ஆயிரம் ஆயிரமாகப் பத்துக் கவுண்டரில் பிரித்தால் குறைந்தபட்சத் தரகு இடிக்கும். அது 8 வெள்ளி என்றால் ஒரு பக்கம் 9.30, போக வர 18.60. ஆயிரத்துக்கு 1.86%. முத்திரை வரி ஆயிரத்தின் துண்டுக்கும் முழு வெள்ளி என்பதால் 1,050 வெள்ளிக்கு வாங்கினால் 2 வெள்ளி போகும். பத்தாயிரம் வைத்திருப்பவர் மூன்று நான்கு கவுண்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போட்டியில் வாரத்துக்கு எத்தனை தடவை வாங்கி விற்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 5 வாரத்தில் முழுத் தொகுப்பையும் இரண்டு தடவை சுழற்றியிருந்தால், அந்த 4.1%-இல் கிட்டத்தட்ட 0.9% கட்டணமாகவே போயிருக்கும்.

ஏடு_பார்ப்பவள்

விலையைப் பற்றி நிறைய பேசிவிட்டார்கள். போட்டியில் இருக்கும்போதே பழக வேண்டியது காலாண்டு அறிக்கை. காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டும். அதனால் பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதக் கடைசி வாரங்களில் குவியும். 8 வாரப் போட்டியில் அப்படி ஒரு வாரம் வர வாய்ப்பு அதிகம். எந்தக் கவுண்டர் எந்தத் தேதியில் அறிவித்தது என்று கடந்த ஆண்டுப் பட்டியலை புர்சா இணையத்தளத்தில் பாருங்கள், இந்த ஆண்டும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். அறிவிப்பு அடிக்கடி மதிய இடைவேளையான 12:30-க்கும் 2:30-க்கும் நடுவில், அல்லது மாலை 5 மணிக்குச் சந்தை அடைத்த பிறகு வரும்.

திறந்ததும் எல்லாரும் நிகர லாபத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் நேரே பின்குறிப்புகளுக்குப் போங்கள். பி பகுதியில் கடந்த ஆண்டின் இதே காலாண்டோடும், முந்தைய காலாண்டோடும் ஒப்பீடு இருக்கும். அதற்கடுத்து எதிர்காலம் பற்றிய பத்தி. அந்தப் பத்தி வழக்கமாக வழவழ என்றுதான் இருக்கும். அதில் சொல் மாறினால் மட்டும் கவனியுங்கள்: மூன்று காலாண்டாக 'திருப்திகரமாக இருக்கும்' என்று எழுதியவர்கள் 'சவாலாக இருக்கும்' என்றால் காரணம் இருக்கும். இன்னொரு குறிப்பில் லாபத்தில் கூட்டிய, கழித்த இனங்கள் தனியாக இருக்கும்: வட்டி வருமானம், அந்நியச் செலாவணி லாப நட்டம், சொத்து விற்ற லாபம், வாராக் கடன் ஒதுக்கீடு. அதுதான் முக்கியம்.

ஒரு கணக்கு போடுகிறேன். லாபம் 62 லட்சம், போன ஆண்டு இதே காலாண்டில் 40 லட்சம். 55% ஏற்றம் என்று தலைப்பு வரும். குறிப்பில் செலாவணி லாபம் 15 லட்சம், நிலம் விற்றது 11 லட்சம். கழித்தால் தொழிலில் வந்தது 36 லட்சம். போன ஆண்டு இப்படி எதுவும் இல்லை என்றால் உண்மையில் 10% இறக்கம். காலையில் விலை ஏறி மதியத்துக்குள் கரைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பணப்புழக்க அறிக்கை. விற்பனை 20% ஏறி, வர வேண்டிய பாக்கி 60% ஏறியிருந்தால் சரக்கு போயிருக்கிறது, காசு வரவில்லை. ஏஸ் மார்க்கெட்டின் சின்ன நிறுவனங்களில் இதை முதலில் பாருங்கள்.

போட்டிக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை: எக்ஸ் தேதி (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்டோ போனஸோ கிடைக்காது). 2020 செப்டம்பரில் கையுறை நிறுவனமான டாப் குளோவ் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்கு (இலவசப் பங்கு) கொடுத்தது. எக்ஸ் தேதியன்று விலை மூன்றில் ஒன்றாகச் சரிசெய்யப்பட்டது. கையிலிருந்த பங்கு மூன்று மடங்கானது, மதிப்பு மாறவில்லை. போட்டித் தளம் போனஸ் பங்கைச் சேர்க்காமல் விலையை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டியலில் −67% என்று விழும். டிவிடெண்டும் (ஈவுத்தொகை) பல தளங்களில் வரவு வைக்கப்படுவதில்லை, ஆனால் எக்ஸ் தேதியில் விலை மட்டும் குறையும். விதியில் தெளிவாக எழுதியில்லை என்றால் எக்ஸ் தேதிக்கு முந்தைய நாளே விற்றுவிடுங்கள். உண்மைக் கணக்கில் இந்தப் பழக்கம் வேண்டாம்.

செந்தூல்_வாசி

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி. அறிக்கை பார்க்கும் வழி இதுவரை தெரியாது. சொன்னபடி நான்காகச் சுருக்குவதென்றால் பினாங்கு டெக் கவுண்டர்கள் நான்கை எடுக்கலாம் என்று நினைக்கிறேன்: இனாரி, விட்ராக்ஸ், பெந்தாமாஸ்டர், கிரேட்டெக். ஒன்று சில்லு (சிப்) பொருத்துவது, ஒன்று சோதனை இயந்திரம், மற்றவை தானியங்கி இயந்திரம். நான்கும் வேறு வேறு தொழில்தானே, பரவல் (ஒன்று இறங்கினாலும் மற்றது தாங்குவது) கிடைக்கும் அல்லவா?

பாயான்_லெப்பாஸ்_கணக்கு

தொழில் வேறு, காற்று ஒன்று. உலக சில்லுச் சுழற்சி இறங்கினால் நான்கும் ஒன்றாக இறங்கும். அமெரிக்காவில் டெக் பங்குகள் இரவில் சரிந்தால் மறுநாள் காலை 9 மணிக்கு இவை நான்கும் சிவப்பில் திறப்பதைப் பார்க்கலாம். பரிசுக்காக ஏற்ற இறக்கத்தைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால் இந்த நான்கும் நல்ல தேர்வு. பரவல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ரிங்கிட்டும் இருக்கிறது. இவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி டாலரைச் சார்ந்தது. 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது, 1998-க்குப் பிறகு ரிங்கிட் கண்ட மிகப் பலவீனமான நிலை. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 4.12 அருகே வந்துவிட்டது. அந்த ஜூலை-செப்டம்பர் காலாண்டு 4.70-க்கு மேலே தொடங்கியது. 1 கோடி டாலர் பாக்கியும் கையிருப்பும் வைத்திருந்த நிறுவனத்துக்கு, டாலருக்கு 60 சென் வீதம், ஏட்டில் 60 லட்சம் வெள்ளி நட்டம். தொழிற்சாலையில் ஒரு இயந்திரம்கூட நிற்கவில்லை. அக்கா சொன்ன அந்தச் செலாவணி வரியை இந்தக் கவுண்டர்களில் இரட்டிப்பாகக் கவனியுங்கள். டாலர் கடன் இருந்தால் திசை மாறும்.

போட்டி முடிந்ததும் இடத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு கவுண்டருக்கும் அது எந்தக் குறியீட்டைச் சேர்ந்ததோ அதன் அதே நாள்களின் ஏற்றத்தைக் கழியுங்கள். பெரியவற்றுக்கு எஃப்பிஎம் கேஎல்சிஐ, நடுத்தரத்துக்கு எஃப்பிஎம் மிட் 70. 4.1%-இல் கேஎல்சிஐ மட்டும் 3% தந்திருந்தால் உங்கள் கைவரிசை 1.1%. பிறகு லாபம் அதிகம் தந்த ஒரே கவுண்டரை நீக்கிவிட்டு மறுபடி கூட்டுங்கள். மிச்சம் மைனஸில் போனால், ஆறு முடிவு எடுக்கவில்லை, ஒன்றுதான் எடுத்தீர்கள்.

பழைய_ரெமிசியர்

மூன்றாவது கேள்வியில் பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு வாங்குவது என்பதைப் போட்டி கற்றுத் தராது, 25% என்று அதுவே முடிவு செய்துவிடுகிறது. உண்மைக் கணக்கில் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 10,000 வெள்ளியில் ஒரு தவறுக்கு 1% கொடுக்கலாம் என்றால் 100 வெள்ளி. 2.40-க்கு வாங்கி, 2.22-க்கு வந்தால் எண்ணம் தவறு என்று விலகுவதாக முடிவு செய்தால் வித்தியாசம் 18 சென். 100-ஐ 0.18-ஆல் வகுத்தால் 555. லோட் 100 பங்கு என்பதால் 500. செலவு 1,200 வெள்ளி. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அளவு அதுதான். அதிகம் வேண்டுமானால் 2% கொடுங்கள், ஆனால் வாங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள். தானாக விற்கும் ஸ்டாப் ஆர்டர் எல்லாச் செயலியிலும் இல்லை. கணக்குத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தாலும் காலையில் இடைவெளி விட்டுத் திறந்தால் 2.22-இல் விற்காது, 2.10-இல்தான் விற்கும்.

நேரம்: 4:45-க்கு வழக்கமான வர்த்தகம் நிற்கும், 4:50 வரை ஆர்டர் மட்டும் சேரும், அப்போது அடைப்பு விலை பொருந்தும். 4:50 முதல் 5 மணி வரை அந்த ஒரே விலைக்கு மட்டும் வாங்கலாம், விற்கலாம். போட்டி மதிப்பு பெரும்பாலும் அந்த அடைப்பு விலையில்தான் எடுக்கப்படும். வர்த்தகம் குறைந்த கவுண்டரில் சில லோட்டே விலையை ஒரு பிட் தள்ளிவிடும். கடைசி நாளில் பட்டியல் தலைகீழானால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

போட்டி முடியும் வாரத்தில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்கு அழைப்பு வரும், 'போட்டி வெற்றியாளர் தரும் கவுண்டர்' என்று. முதலீட்டு ஆலோசனை தர மலேசியாவில் உரிமம் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷன் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர் பட்டியலும் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன, பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அதைத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

கணக்கு திறக்கும்போது நேரடி சிடிஎஸ் கணக்கா (பங்கு உங்கள் பெயரிலேயே நிற்கும்), நாமினி கணக்கா என்று கேட்பார்கள். நாமினியில் தரகு குறைவாக இருக்கலாம், ஆனால் பங்கு தரகு நிறுவனத்தின் நாமினி பெயரில் நிற்கும். டிவிடெண்ட் அவர்கள் வழியாகத்தான் வரும், அதற்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். ரைட்ஸ் வெளியீடு (இருக்கும் பங்குதாரருக்குப் புதுப் பங்கு விற்பது) வந்தால் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராது, செயலியில் அறிவிப்பாக வரும். நிறுவனம் சொல்லும் கடைசித் தேதிக்குச் சில நாள் முன்பே நாமினியின் கடைசி நாள் முடிந்துவிடும். அதற்குள் பணம் கட்டவும் இல்லை, அந்த உரிமையை விற்கவும் இல்லை என்றால் அது காலாவதியாகிவிடும். எக்ஸ் தேதியில் இறங்கிய விலை மட்டும் கணக்கில் நிற்கும்.